பரீட்சை முடியும் வரை

1980ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், இராமேஸ்வரத்தில் 'இராமானுஜம்' கப்பலேறித் தலைமன்னாரில் வந்து இறங்கினேன். தமிழ்நாட்டுக் கல்லூரியொன்றில் மூன்றாண்டுப் படிப்பை முடித்து, கடைசிப் பரீட்சையையும் எழுதிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். தகரப் பெட்டிக்குள், புத்தகங்களுக்கு மேலே, வாப்பாவுக்கென்று வாங்கிய சாரமொன்றும் சிறிய குப்பி அத்தரும் இருந்தன. மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் காக்கா காத்து நின்றார். விடுமுறைக்கு நான் வரும்போதெல்லாம் வாப்பாதான் அங்கு நிற்பார்.

"வாப்பா வரல்லயா?" என்று கேட்டேன். காக்கா பெட்டியை வாங்கிக்கொண்டார், பதில் சொல்லவில்லை. கல்முனை பஸ்ஸிலும் களுவாஞ்சிக்குடி தாண்டும் வரை அவர் வாய் திறக்கவில்லை. ஊரில் இறங்கியதும், வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் திரும்பாமல் மையவாடிப் பக்கமாக நடந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாப்பா மௌத்தாகி எண்பது நாட்கள் கடந்திருந்தன.

தந்தி அடித்திருந்தால் ஓரிரு நாட்களில் எனக்குக் கிடைத்திருக்கும். ஜனாஸாவுக்கு வந்து சேர முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் செய்தியையே மறைப்பது என்று முடிவெடுத்தவர் உம்மா. "எழுதி முடிச்சிப்போட்டு வரட்டும்" என்று சொன்னாராம். இத்தாவில் இருந்த உம்மா சொல்லச் சொல்ல, காக்கா எனக்குப் பத்து நாளைக்கொரு கடிதம் எழுதினார். வெள்ளாமை வெட்டுத் தொடங்கிவிட்டது, வாப்பா வட்டையில் நிற்கிறார், உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார் என்று அந்தக் கடிதங்களில் இருக்கும். அதற்கு முந்திய கடிதங்கள் அனைத்திலும் கடைசியில் வாப்பா தம் கைப்பட அறபுத்தமிழில் ஒரு வரி எழுதுவார். மாசி மாதத்துக்குப் பின்னர் அந்த வரி இருக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். ஆனால், "ஏன்?" என்று கேட்டு எழுதவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2022இல், அதே கேள்வி என் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. இம்முறை முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். அந்த நாட்களில் பழைய புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். கடல் கடந்து படிக்கப் போனவர்களுக்கு அவர்களுடைய வீட்டார் எதைக் கொடுத்தார்கள், எதை மறைத்தார்கள், அதனால் என்ன நேர்ந்தது என்று தேடினேன். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

தாயும் தமையனும்

அறிவு தேடிப் பிறநாடு செல்வது நம்முடைய மரபில் புதியதன்று. ஹதீஸ் கலையின் வரலாற்றில் அதற்கு 'ரிஹ்லா' என்று தனிப் பெயரே உண்டு. இமாம் புகாரி சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். ஹிஜ்ரி 210ஆம் ஆண்டளவில், பதினாறு வயதில், தாயுடனும் சகோதரர் அஹ்மதுடனும் புகாராவிலிருந்து ஹஜ்ஜுக்காக மக்கா சென்றார். ஹஜ் முடிந்ததும் தாயும் சகோதரரும் ஊர் திரும்பினார்கள். அவர் கல்வி தேடி அங்கேயே தங்கிவிட்டார்.

இந்தச் செய்தியை நம் உலமாக்கள் எத்தனையோ மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இமாமின் நினைவாற்றலைப் பற்றிப் பேசுவார்கள். மகனை விட்டுவிட்டுத் திரும்பிய அந்த விதவைத் தாயின் வழிப்பயணத்தைப் பற்றி எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பல மாதப் பயணத் தூரத்தில் மகனை விட்டுச் செல்லும் தாய்க்கு, அவன் உயிரோடு இருக்கிறானா என்று அறியவும் யாராவதொரு வணிகக் கூட்டம் வர வேண்டும். வரலாறு படித்தவனைக் குறித்து வைக்கிறது. படிக்க அனுப்பியவர்களை ஒரு வரியோடு விட்டுவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் என்ன இருந்தது என்பதை அறிய, கடிதங்களும் சுயசரிதைகளும் கிடைக்கின்ற பிற்காலத்துக்குத்தான் நாம் வர வேண்டியிருக்கிறது.

ஓர் அண்ணனின் பணம்

1888இல் மோகன்தாஸ் காந்திக்குப் பதினெட்டு வயது. தந்தை இறந்து மூன்றாண்டுகள் ஆகவில்லை. பவநகர் கல்லூரியில் பாடங்கள் பிடிபடாமல் வீட்டுக்கு வந்திருந்தார். குடும்ப நண்பரான மாவ்ஜி தவே, இலண்டனுக்கு அனுப்பினால் மூன்று வருடத்தில் பாரிஸ்டராகி வந்துவிடலாம், நாலாயிரம் ஐயாயிரம் ரூபாவுக்கு மேல் செலவாகாது என்று யோசனை சொன்னார். பணத்தைத் தேடும் பொறுப்பை அண்ணன் இலட்சுமிதாஸ் ஏற்றுக்கொண்டார். போர்பந்தர் நிர்வாகியாயிருந்த ஆங்கிலேயரிடம் உதவி கேட்டுப் போனபோது, முதலில் பட்டம் பெற்று வா என்று அவர் அனுப்பிவிட்டார். மனைவி கஸ்தூரிபாவின் நகைகளை விற்பது பற்றிக்கூட காந்தி யோசித்தார். தாய் புத்லிபாய்க்கு மகன் கெட்டுப்போவானோ என்ற அச்சம். சமணத் துறவி ஒருவரின் முன்னிலையில் மதுவையும் மாமிசத்தையும் பிற பெண்களையும் தீண்டுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பின்னரே இசைந்தார்.

பம்பாயில் சாதிச் சபை கூடியது. கடல் கடந்தால் விலக்கு. அவருக்கு உதவுகிறவர்களுக்கும் துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவர்களுக்கும் ஒரு ரூபா நாலணா தண்டம் என்று தீர்ப்பு வந்தது. அண்ணன் கொடுத்து வைத்திருந்த பணத்தைத் தர மைத்துனர் பயந்து மறுத்தார். நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி, அண்ணனிடம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, 1888 செப்டெம்பர் 4ஆம் திகதி காந்தி கப்பலேறினார். வீட்டில் இளம் மனைவியும் சில மாதக் குழந்தை ஹரிலாலும் இருந்தார்கள்.

இலண்டனில் முதல் சில மாதங்கள் அவர் கனவானாக முயன்ற கதை பலரும் அறிந்தது. பத்துப் பவுணுக்கு மாலையுடுப்பு, மூன்று பவுணுக்கு வயலின், நடன வகுப்பு. போதாததற்குக் கைக்கடியாரம் வருவதற்கு முந்திய அந்தக் காலத்து மோஸ்தர்ப்படி இரட்டை வடத் தங்கச் சங்கிலியொன்றை அண்ணனிடம் கேட்டு வரவழைத்தார். அண்ணன் அனுப்பினார். ஏன் என்று கேட்கவில்லை. எங்கிருந்து அனுப்பினார் என்று தம்பியும் அப்போது கேட்கவில்லை.

பிறகு ஒரு மாற்றம் வருகிறது. கேட்கும்போதெல்லாம் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் அண்ணன் ஊரில் எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்ற எண்ணம் காந்தியை உறுத்தத் தொடங்குகிறது. பஸ் கட்டணத்திலிருந்து பத்திரிகைச் செலவு வரை ஒவ்வொரு காசையும் எழுதி வைக்கிறார். இரண்டு அறைகளை விட்டுவிட்டு ஓர் அறைக்கு மாறுகிறார். காலையும் இரவும் தாமே சமைத்து, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் சாப்பாட்டை முடிக்கிறார். இந்த எளிமை தம்மை வாட்டவில்லை என்றும், குடும்பத்தின் நிலைக்கேற்ற வாழ்க்கையாக அது அமைந்தது என்றும் 'சத்திய சோதனை'யில் எழுதுகிறார். அந்தப் பகுதியை இளமையில் படித்தபோது சிக்கனத்துக்கான பாடமாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது வேறொன்று தெரிகிறது. வீட்டின் உண்மையான நிலையை நினைத்துப் பார்த்த நாளில்தான் அந்த இளைஞர் வளர்ந்த மனிதராகிறார்.

ஆனால் அதே வீடு இன்னோர் உண்மையை அவரிடமிருந்து மறைத்தது. அவர் இலண்டனில் இருக்கும்போதே தாய் இறந்துபோனார். அந்நிய நாட்டில் தனித்திருப்பவனுக்கு இந்த அடி வேண்டாம் என்று அண்ணன் செய்தியை அனுப்பவில்லை. 1891 ஜூனில் பாரிஸ்டராகி, ஜூலையில் காந்தி பம்பாயில் இறங்கினார். துறைமுகத்துக்கு அண்ணன் வந்திருந்தார். தாயைக் காணத் துடித்துக்கொண்டு வந்தவரிடம் அதன் பின்னர்தான் சொல்லப்பட்டது. தந்தையின் மரணத்தைவிட இது தம்மை அதிகம் பாதித்தது என்றும், ஆனாலும் கண்ணீரைக்கூட அடக்கிக்கொண்டு எதுவும் நடவாததுபோல அன்றாட வாழ்க்கையில் இறங்கினேன் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அண்ணனைக் குறைகூறி ஒரு சொல்லும் இல்லை.

நான் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். தாய்க்குக் கொடுத்த சத்தியத்தை மூன்றாண்டுகள் காத்துவிட்டு வந்தவர் அவர். காத்துவிட்டேன் என்று சொல்ல வந்த இடத்தில், கேட்க வேண்டியவர் இல்லை. அழ வேண்டிய காலமும் கடந்துவிட்டிருந்தது. வீட்டார் அழுது முடித்துவிட்ட ஒரு மரணத்துக்குத் தனியாக அழ வேண்டிய நிலையை அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும். மையவாடியில் காக்கா பக்கத்தில் நின்றும், அன்று நானும் அழவில்லை.

காந்தியின் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. தம்பி பாரிஸ்டராகி வந்ததும் பெரிய தொழில் நடக்கும், பணமும் பெயரும் சேரும் என்று அண்ணன் எதிர்பார்த்திருந்தார். அந்த நம்பிக்கையில் வீட்டுச் செலவையும் கூட்டியிருந்தார். பம்பாயில் வழக்கு வரவில்லை. வந்த முதல் வழக்கில் நா எழவில்லை. கடைசியில் தென்னாபிரிக்காவில் வாணிபம் செய்த தாதா அப்துல்லாவின் நிறுவனத்திலிருந்து அண்ணனுக்கு வந்த கடிதமொன்றே, 105 பவுண் சம்பளத்துக்கு 1893இல் அவரை அங்கு கொண்டுபோயிற்று. படிக்க அனுப்பியவனின் கனவையும் படித்தவன் சுமக்க வேண்டியிருக்கிறது.

இக்பால் பட்ட கடன்

இந்தச் சுமையை அல்லாமா இக்பாலைப் போல வெளிப்படையாகச் சொன்னவர் குறைவு. சியால்கோட்டில் துணியோடும் தையலோடும் வாழ்ந்த நூர் முஹம்மதின் மகன் அவர். மூத்த சகோதரர் அத்தா முஹம்மத் இராணுவப் பொறியியல் பகுதியில் வேலை பார்த்தார். தம்பியைவிட ஏறத்தாழ பதினெட்டு வயது மூத்தவர். 1905இல் இக்பால் ஐரோப்பா சென்றபோது செலவைத் தாங்கியவர் இந்தச் சகோதரரே. கப்பலேறப் பம்பாய் போகும் வழியில் இக்பால் டில்லியில் இறங்கி, நிஸாமுத்தீன் அவ்லியாவின் தர்காவுக்குச் சென்றார். அங்கு அவர் படித்த 'இல்திஜாயே முஸாஃபிர்' என்ற கவிதையில் பெற்றோருக்கும் ஆசிரியர் மீர் ஹஸனுக்கும் அடுத்து அந்தச் சகோதரருக்காகவும் வேண்டுகிறார். வழிப்போக்கனின் விண்ணப்பம் என்பது அந்தத் தலைப்பின் பொருள்.

மூன்றாண்டுகளில் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் பட்டம், மியூனிக்கில் கலாநிதிப் பட்டம், இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் தகைமை என மூன்றையும் பெற்று 1908இல் திரும்பினார். வெற்றியோடு திரும்பியவரின் உள்ளம் எப்படி இருந்தது? 1909 ஏப்ரலில் அத்தியா ஃபைஸிக்கு எழுதிய கடிதத்தில், அலிகார் தத்துவப் பேராசிரியர் பதவியையும் லாகூர் அரச கல்லூரியின் வரலாற்றுப் பதவியையும் மறுத்துவிட்டதாகச் சொல்கிறார். இந்த நாட்டை விட்டே போய்விட எண்ணம், ஆனால் சகோதரனுக்குப் பட்ட ஒருவகைத் தார்மிகக் கடன் தடுத்து நிறுத்துகிறது என்ற கருத்தையும் அங்கேயே எழுதுகிறார். இளவயதில் வீட்டார் செய்துவைத்த திருமணத்தைப் பற்றிய கசப்பும் அதே கடிதத்தில் இருக்கிறது.

சகோதரர் கணக்குக் கேட்டாரா என்பதல்ல இங்கு கேள்வி. கேட்காவிட்டாலும் தம்பியின் மனம் கணக்கு வைத்திருந்தது. அது அவரைக் கட்டியும் வைத்தது, காப்பாற்றியும் வைத்தது. கடன் தடுத்திராவிட்டால் அவர் எங்கு போயிருப்பாரோ, 'அஸ்ராரே குதீ' எழுதிய கவிஞர் நமக்குக் கிடைத்திருப்பாரோ? ஒரு வீட்டின் உதவிக்கு இரண்டு முகங்களும் இருக்கின்றன என்பதை நாம் மறக்கக் கூடாது.

1914 நவம்பரில் தாய் இமாம் பீபி மறைந்தபோது இக்பால் எழுதிய இரங்கற்பா உருதுவின் சிறந்த கவிதைகளில் ஒன்று. பிறப்பு, இறப்பு, விதி என்று தத்துவத்தின் உயரங்களுக்கெல்லாம் ஏறிப்போகும் அந்தக் கவிதையிலும், தம் கடிதம் தாமதித்தால் தவித்துப்போகும் தாயின் நினைவு வருகிறது. ஐரோப்பாவின் தத்துவம் முழுவதும் கற்று வந்தவருக்குத் தாயென்றால் நினைவுக்கு வந்தது தபால்தான்.

சேராத கடிதங்கள்

இக்பால் படித்த அதே ட்ரினிட்டி கல்லூரிக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கும்பகோணத்திலிருந்து ஒருவர் போனார். சீனிவாச இராமானுஜன் சென்னையில் கப்பலேறியது 1914 மார்ச் 17ஆம் திகதி. குடுமியை வெட்டி, ஐரோப்பிய உடை தரித்த கோலத்தைத் தாயும் மனைவியும் காண வேண்டாம் என்று அவர்களை முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். கடல் கடக்க முதலில் மறுத்த தாய் கோமளத்தம்மாள், நாமகிரித் தாயாரைக் கனவில் கண்டு சம்மதித்ததாகச் சொல்வர்.

பணத்தைப் பொறுத்தவரை இராமானுஜனின் நிலை மற்ற இருவரையும்விட மேல். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் கொடுத்தது. அதில் 50 பவுண் ஊரிலிருந்த குடும்பத்துக்குப் போயிற்று. ட்ரினிட்டி கல்லூரி 60 பவுண் சேர்த்துக் கொடுத்தது. அவருக்குக் குறைந்தது வேறு. போர் வந்தது, கடலில் நீர்மூழ்கிகள், தபால் ஒழுங்கு கெட்டது. சுத்த சைவரான அவருக்குச் சாப்பாடு பெரும் பாடாயிற்று. 1917இல் நோயில் விழுந்தார்.

இதற்கிடையே ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. கணவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களும் மனைவி கணவருக்கு எழுதியவையும் தாயின் கையில் நின்றுபோயின என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயதுதான். பொறுக்க முடியாமல் அவர் தம் சகோதரர் வீட்டுக்குப் போய்விட்டார். மருத்துவமனைகளில் படுத்துக் கிடந்தவருக்கு வீட்டிலிருந்து தகவல் அருகியது. அவரும் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். 1918இன் தொடக்கத்தில் இலண்டனில் ஓடும் ரயிலின் முன் பாய்ந்து உயிர்விட முயன்றார். அதே ஆண்டில்தான் ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் தெரிவானார். 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியதும், எதிர்கொள்ள வந்த தாயிடம் அவர் கேட்டது, ஜானகி எங்கே என்பதுதான்.

அந்தத் தாயை நான் தூற்றவில்லை. மகனைப் படிக்க வைக்க அவர் பட்ட பாடு சிறிதன்று. மகனின் மனம் கலங்கக் கூடாது, வீட்டுச் சண்டை அவனை எட்டக் கூடாது என்றுதான் அவரும் நினைத்திருக்கலாம். ஆனால் ஆறாயிரம் மைலுக்கப்பால் இருப்பவனுக்கு, கெட்ட செய்தியைவிடச் செய்தியின்மை கொடியது. வராத கடிதத்தை அவன் தன் கற்பனையால் நிரப்புவான். நானும் வாப்பாவின் அந்த ஒரு வரி இல்லாத கடிதங்களை அப்படித்தான் இரவிரவாக நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இராமானுஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடு திரும்பினால் ஆண்டுக்கு 250 பவுண் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் அறிவித்தபோது, 1919 ஜனவரியில் அவர் நன்றிக் கடிதம் எழுதினார். அந்தத் தொகை தம் தேவைக்கு அதிகம், பெற்றோருக்கு 50 பவுண் கொடுங்கள், அவசியச் செலவு போக மீதியை ஏழைப் பிள்ளைகளினதும் அநாதைகளினதும் பாடசாலைக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். யாரோ கொடுத்த பணத்தில் கடல் கடந்து படித்தவர், தாம் பெற்றதை முகமறியாத பிள்ளைகளுக்குத் திருப்ப நினைத்தார்.

ஊரே வீட்டாராகும்போது

இந்த எண்ணம் நம் நாட்டில் நம்மவரிடையே எடுத்த வடிவம் நமக்கு நன்கு தெரிந்ததுதான். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ், பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்று, அரச புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்ததால் 1935இல் அப்பதவியை ஏற்றார். இலங்கை முஸ்லிம்களில் முதலாவது சிவில் சேவையாளர் அவரே. 1942இல் யுத்தகால உணவு நெருக்கடியின்போது கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். படிக்க ஆற்றலிருந்தும் வழியில்லாத பிள்ளைகளை அவர் எங்கள் பகுதியில் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாயிற்று.

அந்த நிதி பிறந்த கதையை எங்கள் வாப்பா அடிக்கடி சொல்வார். ஓர் அண்ணனின் தோளில் மட்டும் விழும் பாரத்தை ஒரு சமூகம் பகிர்ந்துகொள்ளலாம் என்று காட்டியது அது. காந்திக்கும் இக்பாலுக்கும் ஓர் அண்ணன் இருந்தார். அண்ணன் இல்லாதவனுக்கு? எனக்கு அண்ணன் இருந்தார். வாப்பாவின் கையுதவிக்காகத் தன் படிப்பை இடையில் நிறுத்தி வயலில் இறங்கியவர். இக்பால் பட்ட கடன் எனக்குப் புதியதன்று. அவரைப் போல அதை எழுத்தில் வைக்க எனக்கு இந்த வயது வர வேண்டியிருந்தது.

என் வீட்டில் நடந்தது

இனி 2022க்கு வருகிறேன். அப்போது என் இளைய மகள் மலேசியாவில் இறுதி ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அது எப்படியிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கட்டிய கணக்கெல்லாம் இரண்டு மாதத்தில் தலைகீழாயிற்று. என் ஓய்வூதியம் ரூபாவில். அவளுடைய கட்டணம் றிங்கிட்டில். வாப்பா விட்டுச்சென்ற வயலில் என் பங்கு ஒன்றரை ஏக்கரை விற்றேன். அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் மாதம் மனைவிக்கு மார்பில் கட்டியென்று வைத்தியர் சொன்னார். சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். பெற்றோல் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, மின்வெட்டு எல்லாம் சேர்ந்த நாட்கள் அவை. வைத்தியசாலையிலிருந்து திரும்பும் வழியில் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "புள்ளைக்குச் சொல்ல வாணாம். பரீட்ச முடியட்டும்."

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் உம்மா சொன்னதும் இதுதான். இரண்டு இரவுகள் நான் உறங்கவில்லை. உம்மாவிடம் ஒருமுறை, ஏன் உம்மா மறைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். "நீ பெயிலாகி வந்திருந்தா வாப்பா கபுறுக்குள்ளயும் கவலப்படுவார் மகன்" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, இன்றும் இல்லை. ஆனால் மையவாடியில் நின்ற அந்தப் பொழுதை என் மகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் தொலைபேசியில் அழைத்து, உம்மாவை அருகில் இருத்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுதாள். பிறகு சொன்னாள், "வயல் வித்ததும் எனக்குத் தெரியும் வாப்பா. மச்சான் சொன்னார். நீங்க சொல்வீங்களென்டு பாத்துக்கொண்டிருந்தன்."

அது தெரிந்த நாளிலிருந்து இராச் சாப்பாட்டை விட்டுவிட்டாளாம். நாங்கள் அவளிடம் மறைத்தோம், அவள் எங்களிடம் மறைத்தாள். ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தனித்தனியே பட்டினி கிடந்தோம். அன்றிரவு முதல்முறையாக மூவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். கட்டணத்தைத் தவணையில் செலுத்த அனுமதி கேட்டு அவளே விண்ணப்பித்தாள்; இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. ஏப்ரல் மாதமே நான் சொல்லியிருந்தால், வாப்பாவின் அந்த வயல் ஒருவேளை எங்களோடு இருந்திருக்கும்.

சத்திரசிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், மனைவி நலமாயிருக்கிறார். மகள் ஒரு பாடத்தில் தவறி, அதை மறுமுறை எழுதித்தான் பட்டம் பெற்றாள். "நான் அப்பவே சொன்னன்" என்று மனைவி இன்றும் சொல்வதுண்டு. ஆகவே நான் செய்தது முழுச் சரியென்று இங்கே வாதாட வரவில்லை. உண்மைக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை ஒரு பாடத்தால் கொடுத்தோம். ஆனால் சத்திரசிகிச்சையன்று காலை, உம்மா உள்ளே போகும் வரை அவள் தொலைபேசியில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தை எந்தப் பரீட்சைக்காகவும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது காக்காவிடம் போய், அந்த எண்பது நாள் கடிதங்களைப் பற்றிக் கேட்டேன். எழுபத்தைந்து வயது தாண்டியவர். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "வாப்பா வட்டையில் நிக்கார் என்டு எழுதக்குள்ள என்ர கை நடுங்கும். உம்மா அடுத்த அறையிலிருந்து அழுதழுதுதான் சொல்லித் தருவாங்க" என்றார். மறைக்கப்பட்டவனின் துயரத்தைத்தான் இத்தனை காலமும் நான் எண்ணியிருந்தேன். மறைத்தவர்கள் பட்டதை அன்றுதான் அறிந்தேன். இலட்சுமிதாஸும் துறைமுகத்தில் இப்படித்தான் நின்றிருப்பார்.

இன்று நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் மலேசியாவுக்கும் துருக்கிக்கும் சவூதிக்கும் சீனாவுக்கும் படிக்கப் போகிறார்கள். முகம் பார்த்துப் பேசக் கையில் தொலைபேசி இருக்கிறது. ஆனாலும், "எல்லாம் நல்லம், நீ படி" என்ற அந்தப் பழைய கடிதத்தைத்தான் தினமும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைக்கு முடிந்தளவு பணம் அனுப்புங்கள். அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லுங்கள். அண்ணன் தம்பிக்குக் கொடுத்ததைக் கடனாக நினைவூட்டாதீர்கள். ஒருநாள் முகமறியாத இன்னொரு பிள்ளைக்கு அதைத் திருப்பச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் ஒரு நோயோ மரணமோ நேர்ந்தால், பக்கத்தில் நண்பரொருவர் இருக்கும் நேரம் பார்த்து, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். படிக்கப் போனவன் வீட்டை விட்டு விலகிப் போனவனல்லன். சந்தோசத்தில் அவனுக்குள்ள பங்கு துயரத்திலும் இருக்கிறது.

அன்று நான் கொண்டுவந்த சாரத்தை உம்மா தம் மரப்பெட்டிக்குள் வைத்திருந்தார். அவர் மௌத்தான பின் ராத்தா அதை எடுத்து என்னிடம் தந்தார். மடிப்புக் கலையாமல் இருக்கிறது.